ஒரு வரிக்கு ஒரு மாற்றம்தான்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். மனக்கணக்கில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, நோட்டில் எழுதச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள். நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக ஆரம்பித்தவள். 2021 அக்டோபரில் வந்த அந்தத் திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அந்தப் பிள்ளைகளே ஒன்பது, பத்து என்று மேலே போனதும் "அக்கா, எங்களை விட்டுறாதீங்க" என்று வந்து உட்கார்ந்துகொண்டார்கள், அப்படியே வீட்டுத் திண்ணையில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. கணித மேதையை உருவாக்கும் வழியெல்லாம் எனக்குத் தெரியாது. 35 எடுக்கத் திணறுகிற பிள்ளை ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யார் துணையும் இல்லாமல் கொண்டுபோக என்ன செய்யலாம் என்பது கொஞ்சம் தெரியும், அதைத்தான் எழுதுகிறேன்.

புதிதாக எந்தப் பிள்ளை வந்தாலும் பங்குக் கணக்கில்தான் தொடங்குவேன். படகில் வந்த மீன் 18,400 ரூபாய்க்குப் போனது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்துச் செலவு 7,600. மிச்சத்தில் பாதி படகுக்கு. மற்றப் பாதியில் படகு ஓட்டுகிறவருக்கு இரண்டு பங்கு, கூடப் போன நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு எவ்வளவு? (பங்கு பிரிப்பது படகுக்குப் படகு மாறும். எங்கள் படகில் அப்படி இல்லையே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) ஒன்பதாவது படிக்கிற பையன் நான் கேட்டு முடிக்கும் முன்பே "தொள்ளாயிரம்" என்பான். சரி. அவனிடமே "ஓர் எண்ணின் ஆறு மடங்கு 10,800இன் பாதிக்குச் சமம் எனில் அந்த எண்ணைக் காண்க" என்று கேட்டுப் பாருங்கள், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டும் ஒரே கணக்கு.

"தொள்ளாயிரம் எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டால் "வந்துச்சுக்கா" என்பதுதான் பதில். அவன் படி தாண்டவில்லை, எல்லாப் படியிலும் கால் வைத்துத்தான் போயிருக்கிறான், ஆனால் வேகமாகப் போனதில் எதில் வைத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதனால் அவனை எழுதச் சொல்ல மாட்டேன், பேசச் சொல்வேன். அவன் பேசப் பேச நான் பலகையில் எழுதுவேன். "முதல்ல செலவைக் கழிக்கணும்." 18,400 − 7,600 = 10,800. "படகுப் பங்கை எடுத்துறணும்." 10,800 ÷ 2 = 5,400. "மொத்தம் ஆறு பங்கு." 2 + 4 = 6. "ஆறால வகுக்கணும்." 5,400 ÷ 6 = 900. அவன் வாயிலிருந்து வந்தது நாலு வாக்கியம், பலகையில் இருப்பது நாலு வரி. இவ்வளவுதான் ஸ்டெப் என்பது என்று காட்டிவிட்டு, அடுத்ததாக அதையே தெரியாத எண்ணை வைத்து எழுதுவோம். முதல் வாரம் எக்ஸ் போட விடுவதில்லை. பங்கு என்றால் ப. 2ப + 4ப = 5,400. 6ப = 5,400. ப = 900. எக்ஸ் என்றதும் முகம் சுருங்குகிற பிள்ளைகூட ப என்றால் பயப்படுவதில்லை, ஏனென்றால் அது எதைக் குறிக்கிறது என்று தெரிகிறது. பழகிய பிறகு பள்ளியில் போடுகிறபடி எக்ஸுக்கு மாறிக்கொள்ளலாம், அதற்கு ஒரு நாள் போதும்.

அப்புறம்தான் சட்டம் வரும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது ஒரே ஒரு மாற்றம். அடைப்புக்குறியை உடைப்பதானால் அதை மட்டும். ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பதானால் அதை மட்டும். புத்திசாலிப் பிள்ளைகளுக்கு இது பெரிய இம்சை, "ஏன்க்கா இதெல்லாம் எழுதிக்கிட்டு" என்று சலித்துக்கொள்வார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுப்பேன்: 3ப − 2(ப − 5) = 14. பாதிப் பேர் ஒரே தாவலில் ப − 10 = 14, ப = 24 என்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். 24ஐ எடுத்துக் கணக்கில் போடு என்பேன். 72 − 2 × 19, அதாவது 34. 14 வரவில்லை. எங்கே தப்பு? தெரியாது, ஏனென்றால் தப்பு நடந்த இடம் நோட்டில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. அதையே ஒவ்வொரு வரியாக எழுதினால், அடைப்பை உடைக்கிற வரியில் (−2) × (−5) என்று தனியாக எழுதியே ஆக வேண்டும், அங்கே +10 தானாகக் கண்ணில் படும். 3ப − 2ப + 10 = 14. ப + 10 = 14. ப = 4. திரும்பப் போட்டுப் பார்த்தால் 12 − 2 × (−1) = 14.

தப்பு வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது என்னவென்றால், முழுக் கணக்கையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. அதே தப்பை மறுபடியும் செய்வார்கள். வலையில் ஒரு இடம் கிழிந்தால் யாராவது வலையையே தூக்கிப் போடுகிறார்களா, கிழிந்த கண்ணைத் தேடிப் பிடித்து அதை மட்டும்தானே முடிகிறார்கள். கணக்கிலும் கீழேயிருந்து மேலே போக வேண்டும். கடைசி வரி அதற்கு மேல் வரியிலிருந்து சரியாக வந்ததா? வந்தது. அதற்கு மேல்? வந்தது. அதற்கு மேல்? ஆங், இங்கேதான். விடை தப்பு என்று நான் சொல்வதேயில்லை, "இந்த வரி எப்படி வந்தது" என்று மட்டும் கேட்பேன். சரியான வரியைக் காட்டியும் கேட்பேன், இல்லாவிட்டால் நான் கேட்டாலே தப்பு என்று புரிந்துகொண்டு உடனே அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, "அந்தப் பக்கம் போனா குறி மாறும்". இதை யார் கண்டுபிடித்தார்களோ, எல்லா வகுப்பிலும் இருக்கிறது. ப + 3 = 12 என்றால் ப = 12 − 3, சரிதான். அடுத்த கணக்கு 3ப = 12 என்று வரும்போது அதே கையோடு ப = 12 − 3 = 9 என்று எழுதிவிடுவார்கள். 3 அந்தப் பக்கம் போனதல்லவா, குறி மாறியதல்லவா! எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். இடப்பக்கம் 3 கூட்டியிருக்கிறது, இரண்டு பக்கமும் 3ஐக் கழிக்கிறோம். இடப்பக்கம் 3ஆல் பெருக்கியிருக்கிறது, இரண்டு பக்கமும் 3ஆல் வகுக்கிறோம். என்ன செய்தோம் என்பதை வரியின் வலது ஓரத்தில் சின்னதாக எழுத வைப்பேன், "இரு பக்கமும் ÷ 3" என்று. கூட்டல், கழித்தல், பெருக்கல் பிழைகளைவிட இந்த ஒரு பிழையைத் திருத்தத்தான் எனக்கு அதிக நாள் பிடிக்கிறது.

இனி வாக்கியக் கணக்குகள். பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டில் படகுக் கணக்கு ஒன்று எப்போதும் உண்டு, நான் எண்ணை மாற்றி இப்படிக் கொடுப்பேன்: நிலையான நீரில் மணிக்கு 8 கி.மீ. போகிற படகு ஓர் ஆற்றில் 15 கி.மீ. எதிரோட்டத்தில் போய், அதே தூரம் ஓட்டத்தோடு திரும்பிவர மொத்தம் 4 மணி நேரம் ஆகிறது, நீரோட்டத்தின் வேகம் என்ன? நம் பிள்ளைகளுக்குப் படகு தெரியும், ஆறுதான் தெரியாது. ஒரு முறை ஒரு பையன் கேட்டான், "போறப்ப எதிர்ல இருந்தா வர்றப்ப கூடவே வரணும்னு என்னக்கா இருக்கு, நாலு மணி நேரத்துல நீரோட்டம் மாறிடும்ல?" கடலில் பிறந்தவன் கேட்கிற கேள்வி. ஆறு ஒரே பக்கம்தான் ஓடும், வேகமும் மாறவில்லை என்று கணக்கு சொல்லாமல் சொல்கிறது என்று விளக்கி, அதையே முதல் வரியாக எழுத வைத்தேன்: நீரோட்டத்தின் வேகம் மாறவில்லை எனக் கொள்க. அதன் பிறகு எல்லா வாக்கியக் கணக்கிலும் இதைக் கேட்கிறேன், கணக்கு எதைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று. சில சமயம் சுவாரசியமான பதில்கள் வரும், பாதி நேரம் அரட்டையில் போய்விடும், பரவாயில்லை.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் மாட்டுவது சமன்பாட்டைத் தீர்ப்பதில் இல்லை, அமைப்பதில்தான். நீரோட்டம் ந என்று வைத்தால் எதிரோட்ட வேகம் 8 − ந, திரும்பும் வேகம் 8 + ந, இதுவரை வந்துவிடுவார்கள். நேரம் என்ன என்றால் சிலர் 15 × (8 − ந) என்பார்கள். அப்போது எழுத்தை எடுத்துவிட்டு எண்ணைப் போடுங்கள். "மணிக்கு 5 கி.மீ. போனா 15 கி.மீ.க்கு எத்தனை மணி நேரம்?" "மூணு." "என்ன செஞ்சே?" "வகுத்தேன்." "அப்ப இங்கேயும் அதையே செய்." எழுத்தில் தடுமாறினால் எண்ணைப் போட்டுப் பார், எண்ணுக்கு என்ன செய்தாயோ எழுத்துக்கும் அதையே செய். வாக்கியக் கணக்குக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் என்னிடம் இல்லை.

15/(8 − ந) + 15/(8 + ந) = 4. பொதுப் பகுதி எடுத்தால் மேலே 15(8 + ந) + 15(8 − ந), அதாவது 240. கீழே 64 − ந². அதனால் 240 = 4(64 − ந²). இரு பக்கமும் 4ஆல் வகுக்க 60 = 64 − ந². ந² = 4. ந = 2 அல்லது −2. இங்கே −2ஐ ஏன் விடுகிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், வேகம் குறை எண்ணாக இருக்காது என்று. கடைசியாகச் சரிபார்ப்பு: எதிரோட்டத்தில் 6 கி.மீ. வேகம், 15 கி.மீ.க்கு இரண்டரை மணி. திரும்பும்போது 10 கி.மீ. வேகம், ஒன்றரை மணி. மொத்தம் 4. சரிபார்க்க அரை நிமிடம் ஆகாது, ஆனால் நூறு முறை சொன்னாலும் செய்ய மாட்டார்கள். அதனால் நான் ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன், விடையை என்னிடம் காட்டாதே, சரிபார்த்த வரியைக் காட்டு, அதை மட்டும்தான் பார்ப்பேன் என்று.

படம் போடாமல் செய்யக் கூடாத கணக்குகள் இரண்டு வகை. ஒன்று ரயில் கணக்கு. பாம்பனில் 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள், நீளம் இரண்டு கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கணக்கு வசதிக்கு 2,100 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, 300 மீட்டர் நீள ரயில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால் பாலத்தை முழுக்கக் கடக்க எவ்வளவு நேரம் என்று கேட்பேன். 210 நொடி என்பார்கள். ரயிலை வரை என்றதும், எஞ்சின் பாலத்தில் ஏறுகிற இடத்தையும் கடைசிப் பெட்டி இறங்குகிற இடத்தையும் வரையும்போதே 300ஐ விட்டது தெரிந்துவிடும். 2,400 ÷ 10 = 240 நொடி, நாலு நிமிடம்.

இன்னொன்று கலங்கரை விளக்கக் கணக்கு. 30 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரே பக்கத்தில் ஒரே நேர்கோட்டில் நிற்கிற இரண்டு படகுகளின் இறக்கக்கோணம் 30°, 45°, படகுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? இறக்கக்கோணத்தை விளக்கின் சுவரோடு சேர்த்துக் குறித்துவிடுகிறார்கள், அங்கேயே கணக்கு போய்விடும். உச்சியிலிருந்து முதலில் கடலுக்கு இணையாக ஒரு கிடைக்கோடு போட வேண்டும், கோணம் அந்தக் கோட்டிலிருந்து கீழே இறங்குகிறது, ஒன்றுவிட்ட கோணம் என்பதால் படகு நிற்கிற இடத்திலும் அதே அளவு. அப்போது டேன் 45° = 30/தூரம், கிட்டப் படகு 30 மீட்டர். டேன் 30° = 30/தூரம், எட்டப் படகு 30√3, அதாவது 51.96 மீட்டர். இடையே 21.96 மீட்டர். கோணத்தைச் சுவரோடு குறித்த பிள்ளைக்கு 30° படகு 17.3 மீட்டரில் வரும். அவனிடம் சூத்திரம் பேச வேண்டாம். "மேலேருந்து பார்க்குறே, தலையை அதிகமாக் குனிஞ்சா கிட்ட இருக்கிற படகு தெரியுமா, எட்ட இருக்கிறதா?" "கிட்ட." "அப்ப 45° படகு 30 மீட்டர்ல இருக்கு, 30° படகு 17ல எப்படிடா இருக்கும்?" விடை நியாயமானதா என்று கேட்கிற இந்தப் பழக்கம் அளவியலிலும் காப்பாற்றும். ஆரம் 70 செ.மீ., உயரம் 1 மீட்டர் உள்ள உருளைத் தொட்டியில் எத்தனை லிட்டர் என்றால் 22/7 × 70 × 70 × 1 என்று போட்டு 15,400 என்பார்கள். அலகை மாற்றாமல் போட்டது. 0.7 மீட்டர் என்று மாற்றினால் 1.54 கன மீட்டர், 1,540 லிட்டர். இடுப்பளவு தொட்டியில் ஆயிரம் குடம் தண்ணீர் நிற்குமா, நூறு குடம் நிற்குமா என்று கேட்டால் இங்கே எந்தப் பெண் பிள்ளையும் சரியாகச் சொல்லும், குடம் சுமக்கிறவர்கள் அவர்கள்தானே.

கைடு விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் உள்ள கணக்கை எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்கிற வழக்கம் இங்கே சாதாரணம். எண்ணை மாற்றினால் அப்படியே நின்றுவிடுவார்கள். மனப்பாடத்தைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை, அதை வேறு மாதிரி பயன்படுத்திக்கொள்ளலாம். செய்து முடித்த கணக்கு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுது என்பேன். அடுத்து அதே வகைக் கணக்கு ஒன்று, கடைசி வரி மட்டும் இல்லாமல். அடுத்ததில் கடைசி இரண்டு வரி இருக்காது. இப்படிக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் கேள்வி மட்டும்தான் இருக்கும், மீதியை அவர்களே எழுதியிருப்பார்கள். பிள்ளைகளைத் தனியாகப் போராட விட்டால்தான் கற்பார்கள் என்று பி.எட். படிக்கும்போது நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆஸ்திரேலியாவில் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அப்போதுதான் படித்தோம், இயற்கணிதம் புதிதாகக் கற்கிறவர்கள் நிறையக் கணக்கைத் தாங்களே போட்டுத் திணறுவதைவிட, செய்து காட்டிய கணக்குகளைப் படித்தால் அதே மாதிரிக் கணக்குகளை வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்கிறார்கள் என்று. திண்ணையில் நான் பார்ப்பதும் அதுதான். ஆனால் காரணம் எழுத வைக்காமல் வெறுமே பார்க்க விட்டால் கைடுதான், வேறொன்றுமில்லை.

தேர்வுக்கு இதனால் என்ன லாபம் என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள், பத்து இரண்டு மதிப்பெண், பத்து ஐந்து மதிப்பெண், அப்புறம் தலா எட்டு மதிப்பெண்ணில் வடிவியலும் வரைபடமும், மொத்தம் 100. ஒரு மதிப்பெண் கேள்விகளை விட்டால் மீதி 86க்கும் வழிமுறையைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். ஐந்து மதிப்பெண் கணக்கில் கடைசியில் பெருக்கல் தப்பினாலும் சூத்திரம், பிரதியிடல் இருக்கிற வரிகளுக்குக் கிடைக்கும். விடை மட்டும் சரியாக இருந்து வழி இல்லையென்றால் நஷ்டம்தான். அதனால் தெரியாத கணக்கென்றாலும் வெற்றிடமாக விடாதே, கொடுக்கப்பட்டவற்றை எழுது, படம் போடு, சூத்திரத்தை எழுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ரஃப் ஒர்க்கை வலது ஓரத்தில் பென்சிலால் போட வைக்கிறேன், கையில் எழுதிக்கொண்டு போய் வியர்வையில் அழிந்து நிற்கிற பிள்ளைகள் எங்களிடம் நிறைய.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கும் லீவு, விசைப்படகுகளும் கரையில் கிடக்கும். அடுத்து பத்தாவது போகிற பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் புதுப் பாடம் எதுவும் நடத்துவதில்லை. பின்னம், குறி, அடைப்புக்குறி, வாய்ப்பாடு இவற்றை மட்டும் சரிசெய்கிறோம், பத்தாவதில் தோற்கிற பிள்ளைகள் தோற்பது இந்த ஏழாம் வகுப்புச் சங்கதிகளில்தான். தடைக்காலத்தில் அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், அவர்களையும் இழுத்துவிடுகிறேன். "எனக்கு என்ன தெரியும் டீச்சர், நான் அஞ்சாவதோட நின்னவன்" என்பார்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டாம், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் "இது எப்படிப்பா வந்துச்சு" என்று மட்டும் கேளுங்கள் என்பேன். ஒருத்தர் "மேல கழித்தல் கோடு இருந்துச்சே, கீழ எங்க போச்சு?" என்று கேட்டு, மகள் நானும் பார்க்காமல் விட்ட பிழையைத் தேடித் திருத்திக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாத வரியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அனுப்பினால் போதும், மறுநாள் சாயங்காலம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவோம்.